நடைபாதையில் ஒரு சிப்பாய்

இன்று பீரோவைத் திறந்ததும் எழுந்த அந்துருண்டை வாசனை, செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த, இப்போது செல்போன் கடையாகிவிட்ட வாடகை நூலகத்துக்கு என்னை இழுத்துப் போனது. அங்கே, இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் ஜெர்மன் ஓவியர்கள் வரைந்த படங்களின் புத்தகம் ஒன்று இருந்தது; அதில் கால்களை இழந்த சிப்பாய் ஒருவன் நடைபாதையில் உட்கார்ந்திருக்க, பளபளக்கும் ஷூ போட்டவர்கள் அவனைத் தாண்டிப் போவார்கள். நைனா, என் அப்பா, அப்போது பட்டாளத்தில், எல்லையில் இருந்ததால், பள்ளி விட்டதும் தினமும் ஓடிப்போய் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவன் முகம் நைனாவின் முகமாக மாறிவிடவில்லை என்று பார்த்துக்கொள்வேன். லீவில் வந்தவரிடம் அதைக் காட்டினேன்.

"ஒனக்கும் இப்டி ஆயிடுமா நைனா?"

படத்தில் அந்த ஷூக்கள் மேல் விரலை வைத்தார். "காலு போனாக்கூட பரவால்லம்மா. இவங்க இன்னா, திரும்பிக்கூடப் பாக்காம போறாங்க?"

நைனாவுக்கும் பயம் வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.