விடுப்புக்குக் காரணம் பறவைகள்

அந்த பஸ் டிப்போவில் விடுப்புக்காகச் செத்த மாமியார்கள் ஏராளம். பெயின்ட் அடிக்கிறவர் ஒருவர் தன் மாமியாரை மூன்று முறை சாகடித்துவிட்டார். அந்த அம்மாள் இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். மேலாளர் மூன்று தடவையும் துக்கம் விசாரித்துக் கையெழுத்துப் போட்டார்.

இருபத்திரண்டு வருஷமாக பஸ்களுக்கு டயர் மாட்டும் டயரக்காவுக்கு மட்டும் இந்தக் கலை கைவரவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் விடுப்புக் கேட்டாள். காரணம் என்ற கட்டத்தில், ‘வீட்டுப் பின்புறம் பறவை பார்க்க’ என்று பளிச்சென்று எழுதிவிட்டாள். வடக்கேயிருந்து தெற்கே போகும் தகைவிலான் குருவிகள் அவள் வீட்டுத் துணிக்கொடிக்கு மேலேதான் பறந்து போகும். இத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சமிருந்த குருவிகளைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

மேலாளர் விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பினார். காய்ச்சல் என்று எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாராம். போர்மேன் பதவி உயர்வுக்கான பட்டியல் அவர் மேசையில் இருந்தது. அதில் அவள் பெயர்தான் முதலில். அதையும் சொல்லி வைத்தார். அவள் அதே காரணத்தை மறுபடி எழுதினாள். அதுவும் திரும்பி வந்தது.

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “காய்ச்சல்னு ஒரு வார்த்தை எழுதினா கை தேஞ்சா போயிடும்?”

“உடம்பு சரியில்லன்னா உடனே லீவு தர்றாங்க. பிடிச்சதைப் பாக்கணும்னா மட்டும் திருடி மாதிரி ஒளியணுமா? மாட்டேன்.”

போர்மேன் நாற்காலி மேல் அவளுக்கு ஆசை இல்லாமலில்லை. டயர் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. இருந்தும் திங்கட்கிழமை காலை கொல்லையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அலுவலக உதவியாளர் கொல்லைக்கே வந்து மெமோவை நீட்டினார். சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராதது ஏன் என்று கேட்டிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு முறை எழுதிக் கொடுத்தது சொன்னதில் சேராதா? கையோடு பதில் வாங்கி வரச் சொன்னார்களாம். மெமோவின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்:

‘இன்று காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை தெற்கே போனவை நானூற்றுப் பன்னிரண்டு. இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பதவியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.’