ஊஞ்சல் உபயம்

எங்கள் சனத்திடம் ஒரு பொதுக்காரியத்துக்குப் பணம் வாங்க வேண்டுமென்றால், அந்தக் காரியம் எவ்வளவு நல்லது என்று விளக்கிக்கொண்டிருப்பது வீண்வேலை. உங்கள் பெயரை எங்கே எழுதப்போகிறோம் என்று சொன்னால் போதும். கோயில் மின்விசிறியின் இறக்கையில் தன் பெயரை எழுதுவித்துவிட்டு, பூசை நேரத்தில் அதை நிற்பாட்டச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். விசிறி சுற்றினால் பெயரை எப்படி வாசிப்பது? வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு எல்லோரும் வாசித்தோம்.

இந்த ஞானத்தைக் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைப் பார்க்குக்குக் கொண்டுவந்தவர் என் அப்பா. எனக்கு அப்போது ஒன்பது வயது. சண்டை வடக்கில் நடந்துகொண்டிருந்தது. அதன் பயம் கொழும்பில் எங்களோடு குடியிருந்தது. ஒழுங்கை என்ற அந்தக் குறுந்தெருவின் கடைசியில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மாநகர சபைக்குச் சொந்தமான சின்னப் பார்க் ஒன்று கிடந்தது. ஊஞ்சலின் ஒரு சங்கிலி அறுந்து, பலகை நிலத்தில் இழுபட்டது. உட்காரும் வாங்குகளின் பலகைகளை யாரோ விறகுக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சபையில் போய்க் கேட்டதற்கு, சல்லி இல்லை, நீங்களே திருத்துவதென்றால் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று பெரிய மனதோடு எழுதித் தந்தார்கள்.

அப்படித்தான் பார்க் கமிட்டி உருவானது. எதிர்வீட்டு டீச்சர் தலைவர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற சிங்கள அம்மா, தனியாக இருந்தவர், பின்னேரங்களில் எனக்குச் சிங்களம் சொல்லித் தந்தவர். காலி வீதி முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளி பொருளாளர். அப்பா செயலாளர். முதல் மாதம் டீச்சர் வீடு வீடாகப் போய், பிள்ளைகளின் சுகம், கடற்காற்று என்று அழகாகப் பேசினார். எல்லோரும் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"டீச்சர், இப்பிடிக் கேட்டால் எங்கட ஆக்கள் தரமாட்டினம்," என்றார் அப்பா. "உபயம் எண்டு எழுதவேணும். பேரும் போடவேணும், ஊரும் போடவேணும்."

"ஊர் என்னத்துக்கு? எல்லாரும் இங்கதானே இருக்கிறது?" என்று டீச்சர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. வெள்ளவத்தையில் நாற்பது வருஷம் இருந்தாலும் புலோலிக்காரர் புலோலிக்காரர்தான். ஊர் போடாத பெயர் அவருக்கு உப்பில்லாத சொதி மாதிரி. "அவர் செல்றது சரி டீச்சர், பேரப் போட்டாத்தான் சல்லி வரும்," என்று நானாவும் ஒத்து ஊதினார்.

வந்தது. மூன்று வாங்குக்கு ஏழு பேர் போட்டி போட்டார்கள். தண்ணீர்ப் பைப்புக்கு இரண்டு குடும்பம் முகம் பார்த்துக் கதைக்காத அளவுக்குச் சண்டை பிடித்து, கடைசியில் பைப் ஒருவருடையதாகவும் அதன் கீழே கட்டிய தொட்டி மற்றவருடையதாகவும் தீர்ந்தது. டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த நாட்களில் மாமா எங்கள் வீட்டில் இருந்தார். அம்மாவின் தம்பி. சுன்னாகத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். கனடாவுக்குப் போவதற்காக, இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளுக்கு, அனுமதி தந்த பாஸில் கொழும்புக்கு வந்தார். ஏஜென்சிக்காரனின் "அடுத்த கிழமை" நாலு மாதமாகியும் வரவில்லை. பாஸ் முடிந்துவிட்டது. வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த தாளில் அவர் பெயர் இல்லை. ஒரு சுற்றிவளைப்பில் அகப்பட்டால் கொண்டுபோய்விடுவார்கள். எப்போது விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பின் அறையும் அதை ஒட்டிய சின்ன முற்றமுமே அவருடைய உலகமாக இருந்தது. "மாமா இருக்கிறார் எண்டு வெளியில ஒருத்தரோடையும் கதைக்கக்கூடாது," என்று அம்மா என்னிடம் தினமும் சொல்லுவார். டீச்சருக்கும் நானாவுக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் அதைப்பற்றி மூச்சு விட்டதில்லை.

ஊஞ்சலுக்கு நானா சங்கிலியும் இரும்பும் இலவசமாகக் கொடுத்தார். பொருத்துகிறவன் கேட்ட கூலியைக் கேட்டு அப்பா பயந்துபோய், எல்லாவற்றையும் ஓட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாலு மாதமாகப் பழைய பேப்பரையே திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்த மாமா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். சைக்கிள் சில்லுக்குப் போடுகிற குண்டுகளை ஊஞ்சலின் மேல் கம்பியில் பூட்டினார். "கிரீச் எண்டு கத்தக்கூடாது, பிள்ளை. வழுவழு எண்டு போகவேணும்." உட்காரும் பலகையை எங்கள் சட்டை கொழுவிக் கிழியாதபடி இரண்டு நாள் அரத்தாள் போட்டுத் தேய்த்தார். வேலை செய்யும்போது மெல்லிய குரலில் பாடினார். அவர் பாடுவார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

ஊஞ்சலைப் பார்க்கில் பூட்டி, அதற்கான உபயத் தகட்டையும் அடித்தார்கள். அதில் நானாவின் கடைப்பெயர் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிவந்து மாமாவிடம் கேட்டேன்.

"எனக்குப் பேர் இருக்கிறதே கரைச்சல், பிள்ளை," என்று சிரித்தார். "நீ ஆடு, காணும்."

ஆனால் எனக்கு அது போதாது. திறப்புவிழா வரைக்கும் பிள்ளைகள் ஆடக்கூடாதென்று ஊஞ்சலைப் பழைய சீலையால் சுற்றியிருந்தார்கள். விழாவுக்கு முதல்நாள் மத்தியானம், மிஞ்சிக் கிடந்த வெள்ளைப் பெயின்டோடு அந்தச் சீலைக்குள் புகுந்தேன். உட்காரும் பலகையில், உபயம் என்று தொடங்கி மாமாவின் முழுப்பெயரையும், முறைப்படி ஊரையும் எழுதினேன். டீச்சரும் வாசிக்கட்டும் என்று கீழே சிங்களத்திலும் எழுதினேன். ஒரு பிழை இல்லை. கதைக்கக்கூடாது என்றுதானே அம்மா சொன்னார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

விழாவுக்குப் பிரதம விருந்தினர் பொலிஸ் பொறுப்பதிகாரி, ஓஐசி. அது டீச்சரின் யோசனை. தமிழர்கள் கூடிக் காசு சேர்த்தால் பொலிஸுக்கு என்ன யோசனை வருமென்று அவருக்குத் தெரியும்; ஆகவே அவர்களையே கூப்பிட்டுவிடுவோம் என்றார். ஓஐசி ஞாயிறு காலை வந்தார். வாங்குகளைப் பார்த்தார், பைப்பைத் திறந்து மூடினார். பிறகு எல்லோரும் கைதட்ட ஊஞ்சலின் சீலையை இழுத்தார். குனிந்து, என் சிங்கள எழுத்துகளை நிதானமாக, சத்தமாக வாசித்தார்.

"இது யார்? இந்த ஒழுங்கைப் பதிவில் இப்படி ஒரு பெயர் இல்லையே?"

கைதட்டல் நின்றுபோனது. அப்பா கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயிலுக்கென்று நினைத்தேன். டீச்சர்தான் முன்னுக்கு வந்தார். அது நான் கூட்டிவந்த இரும்பு வேலைக்காரர், மஹத்தயா, கூலி வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டார் என்று சிங்களத்தில் சொன்னார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவர் சொல்லித் தந்த சிங்களம் எனக்கு அந்த நேரம் பார்த்து நன்றாகவே விளங்கியது.

"பொய்!" என்று நான் கத்தினேன். கோபத்தில் வாயில் வந்தது தமிழ்தான். அது கடவுள் செயல். "கூலிக்கு ஒண்டும் செய்யேல்லை! அவர் எங்கட மாமா! எங்கட வீட்டை..."

நானாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. பிள்ளை என்ன சொல்கிறது என்று ஓஐசி கேட்டார். தான்தான் முதலில் ஆடவேண்டுமென்று அடம்பிடிக்கிறது, மஹத்தயா என்று நானா சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். "ஏறு புள்ள, ஏறு," என்று என் காதுக்குள் சொன்னார்.

ஓஐசி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தூக்கி, மாமாவின் பெயரின்மேலேயே இருத்தி, தானே தள்ளிவிட்டார். எல்லோரும் முன்னையைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். நான் அழுதுகொண்டு ஆடினேன். பயப்படாதே மகள் என்று சொல்லிச் சொல்லி அவர் தள்ளினார். ஊஞ்சல் ஒரு சத்தமும் போடவில்லை. நானா சொன்னதை அவர் நம்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மா எங்களுக்கு முன்பே விழாவிலிருந்து வீட்டுக்கு ஓடிவிட்டிருந்தார்; நான் வந்தபோது பின் அறை காலியாக இருந்தது. "போயிட்டார்," என்றார் அம்மா. எங்கே என்று கேட்டேன்; அவர் மாமாவின் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அன்று பின்னேரமே நானா வந்து பலகைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். இரண்டு நாள் கழித்துப் பொலிஸ் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனது. என்னை ஒருவரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அதனால் நியாயம் என் பக்கம்தான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். மாமாவைக் கூலிக்காரர் ஆக்கிய டீச்சரிடம் இனிப் படிக்கப் போவதில்லை என்று அறிவித்தேன்.

டீச்சர் ஒவ்வொரு பின்னேரமும் கேற்றடியில் நின்று கூப்பிட்டார். "துவே, மகளே, ஒருக்கா உள்ளுக்கு வாங்க. ஒரே ஒருக்கா." அம்மாவும், "போயிட்டு வா பிள்ளை, பாவம் அவ," என்று கெஞ்சினார். "பொய் சொல்லுற ஆக்களின்ர வீட்டை நான் போகமாட்டன்," என்று டீச்சருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தக் கேற்றைத் தாண்டிப் போவேன். பன்னிரண்டு நாள் அப்படிப் போனேன். பதின்மூன்றாம் நாள் அவர் கூப்பிடவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்துக் கனடாவிலிருந்து, பனிக்குள் நிற்கிற மாமாவின் படம் வந்தது. அதன்பிறகு நான் அவரை நேரில் காணவேயில்லை. அவர் அங்கே செத்துப்போன செய்தி வந்த அன்றுதான் அம்மா எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். டீச்சரும் அப்போது உயிரோடு இல்லை.

அந்தப் பன்னிரண்டு நாளும் மாமா டீச்சர் வீட்டில்தான் இருந்திருக்கிறார். போவதற்கு முன் என்னை ஒருதரம் பார்க்க வேண்டுமென்று கேட்டிருக்கிறார். என் வாயை நம்பி முன்கூட்டியே சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. உள்ளே கூப்பிட்டுக் காட்டுவோம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தால் வருகிற நேரம் பார்த்து முன்னறையின் திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நிற்பாராம். அவருக்காகத்தான் நான் அந்தக் கோபம் கோபித்தேன்; அந்தக் கோபத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைப் பன்னிரண்டு நாளும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.