பச்சை காட்டிய காலிக் கட்டம்

போன வருடம் ஐப்பசி மழை நேரத்தில் நடந்தது இது. திருவொற்றியூரில், துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர்களை இறக்கி வைக்கும் ஒரு யார்டில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் அண்ணனும் அங்கேதான், சரக்கு இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி.

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. காசிமேட்டில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விற்கிறவர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பேன். அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து இருக்கையில் புதிதாக ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். வந்ததும் எங்கள் பழைய புரோகிராமைத் தூக்கிவிட்டு ஹாஸ்கெல் என்ற மொழியில் எழுதலாம் என்றார். மேனேஜரும் தலையாட்டிவிட்டார். ஆபீஸில் வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது. தன் வேலையை யாரும் அசைக்கக் கூடாது என்று போட்ட திட்டம் இது என்றே நினைத்தேன். எனக்கும் பொறுமையாகக் கற்றுத்தந்தார். எதையோ மறைத்துக்கொண்டுதான் சொல்லித்தருகிறார் என்று தோன்றியது.

டேட்டாபேஸோடு பேச அவர் எடுத்த லைப்ரரி, அதாவது யாரோ முன்பே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு, சரியான பிடிவாதம். டேட்டாபேஸில் ஒரு கட்டம் காலியாக இருக்க வாய்ப்பு உண்டென்றால், காலியாக இருந்தால் என்ன செய்வது என்று நாம் எழுதிக் கொடுக்கும்வரை புரோகிராமை ஓடவே விடாது.

சில கன்டெய்னர்களில், சரக்கில் பூச்சி பிடிக்காமலிருக்க விஷவாயு அடிப்பார்கள். வாயு போய்விட்டது என்று சோதித்த பிறகுதான் கதவைத் திறக்கலாம். சோதித்த நேரம் பதிவானால் யார்டில் இருக்கும் திரையில் பச்சை எரியும். அந்த நேரம் காலியாக இருந்தால் என்ன என்று கேட்டு லைப்ரரி நின்றுவிட்டது. பழைய திரையில் காலியாக ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

"காலியாவே வராதுங்க. வந்தா பச்சைன்னு போட்டு முடிங்க" என்றேன். தீபாவளிக்கு முன் முடிக்கச் சொல்லி மேனேஜர் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கை வரலம்மா. அவ்ளோ நிச்சயம்னா நீங்களே எழுதிடுங்க" என்று அந்த அம்மாள் கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

எனக்குச் சுருக்கென்றது. நாளைக்கு ஏதாவது ஆனால் எழுதியது நான் என்று ஆகிவிடுமே, என் தலையில் கட்டப் பார்க்கிறாரே! எழுதாமல் டேட்டாபேஸையே நேராகத் திறந்தேன். காலி ஒன்றும் இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே காட்டிவிட வேண்டும் என்றிருந்தது.

காலிகள் இருந்தன. சோதித்த நேரம் பதியாத இடத்தில் எல்லாம், கன்டெய்னர் கேட்டுக்குள் நுழைந்த நேரத்தைப் பழைய புரோகிராம் தானாகவே போட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். காலிகளில் ஒன்று, அன்று காலை வந்த பருப்பு கன்டெய்னர். திரையில் அதற்குப் பச்சை. இறக்கப்போவது அண்ணனின் ஆட்கள்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் அந்த அம்மாள் படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். சேற்றில் என் செருப்பு ஒன்று போயிற்று. அண்ணன் கதவு முத்திரையை வெட்டிவிட்டுக் கதவுக் கம்பியில் கை வைத்திருந்தான். "தொடாதண்ணா" என்று நான் கத்தியதில் எல்லோரும் விலகினார்கள். விஷவாயு எச்சரிக்கை ஸ்டிக்கர் மழையில் உரிந்து போயிருந்தது. பிறகு சோதிக்கிறவர் வந்து கருவியை வைத்துப் பார்த்தார். உள்ளே வாயு அப்படியே இருந்தது. உள்ளே ஏறியிருந்தால் யாரும் நடந்து வெளியே வந்திருக்க மாட்டார்கள் என்றார்.

அண்ணனுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. "இன்னாம்மா இது? பச்சை கீதேன்னு தானே கை வச்சேன். பருப்பு பொட்டின்னா ஸ்டிக்கரு இருக்குமே, இதுல இல்லியேன்னு ஒருத்தன் கேட்டான். என் தங்கச்சி குந்திகினு கீற ஆபீசுடா, தப்பா காட்டாதுன்னு சொன்னேன்" என்றான். அங்கேயே குந்தி அழுதேன்.

காலியாக இருந்தால் சிவப்பு என்று எழுதிய பிறகுதான் அந்த லைப்ரரி எங்களை விட்டது. அந்த அம்மாளை முழுசாக நம்பிவிட்டேன் என்று இப்போதும் சொல்ல மாட்டேன், என் புத்தி அப்படி. ஆனால் அந்த லைப்ரரி முரண்டு பிடித்து ஏதாவது கேட்கும்போதெல்லாம், என்னை நம்பிச் சந்தேகமே படாமல் கதவில் கை வைத்த என் அண்ணனை நினைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.