ஆயிரம் படியும் மூன்று குழந்தைப் பைகளும்

என் தொழிலில் குழந்தைகளால் ஒரு தொந்தரவும் கிடையாது. அவர்களைச் சுமக்க வருகிற பெரியவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்து பேபி கேரியர் வாடகைக்கு விடுகிறேன். நெஞ்சில் மாட்டி, இடுப்பில் பெல்ட் போட்டு, குழந்தையை உள்ளே உட்கார வைக்கும் பை. மொத்தம் மூன்று. ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏற வேண்டும். கைக்குழந்தையோடு ஊர் சுற்றி இடுப்பு ஒடிந்த உங்களுக்கு அந்தப் பையின் அருமை தெரியும்.

கடை போட்ட அன்றே படிக்கட்டுக் காவலுக்கு இருக்கும் அண்ணன் வந்து விரலை நீட்டினார்: "இத பாரம்மிணி, ஒரே ஒரு கொழந்த உழுந்துச்சுன்னாலும் அன்னைக்கே கடையத் தூக்கிருவேன்." செம்மேட்டு ஜவுளிக்கடை வேலையைப் பிள்ளை பிறந்ததும் விட்டாயிற்று. இதுவும் போனால் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு பை இறங்கும்போதும் என் உயிரும் கூடவே இறங்கிப் போய்விட்டுத்தான் மேலே வரும்.

வீடியோ அப்பா

பெங்களூரிலிருந்து வந்த அப்பா ஒருவர், நான் மாட்டிவிடுகிறேன் என்றதற்கு ஒப்பவே இல்லை. எல்லாம் செல்போன் வீடியோவில் பார்த்துக் கட்டிக்கொள்வாராம். பெல்ட்டைப் போட்டார், தோள்வாரைப் போட்டார், குழந்தையை உள்ளே இறக்கினார், அப்படியே நின்றுவிட்டார். எங்கள் மலையில் ஒரு மரத்தடியில் கிடைக்கிற டவர் அடுத்த மரத்தடியில் கிடைக்காது. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாகத் தொங்கிய குழந்தையும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் கையை நீட்டினேன்.

"இருங்க மேடம், ரெண்டாவது கால் எதுல போகணும்னு இப்ப வந்துரும்."

மாமன் உரிமை

ராசிபுரத்திலிருந்து ஒரு குடும்பம். அருவியில் குளித்துவிட்டு வந்து மேலே கோயிலில் குழந்தைக்கு மொட்டை. மொட்டைக்கு மடி கொடுப்பது தாய்மாமன் என்றால் பையில் சுமப்பதும் தாய்மாமன்தான் என்று கூட வந்த மாமன் அடம் பிடித்தார். மாமனுக்குத் தொப்பை பெரிது. நானும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துத்தான் பக்கிளைப் பூட்டினோம்.

அருவிக்குப் போய் ஏறி வந்த பிறகு பூட்டியது திறக்கவில்லை. மொட்டை போடுகிறவருக்கு அவசரம். மாமன் பையோடு உட்கார, குழந்தைக்குப் பைக்குள் இருந்தபடியே மொட்டை ஆயிற்று. பிறகு மாமனை மூச்சை அடக்கச் சொல்லி இரண்டு பேர் தொப்பையை அமுக்கியதில் பக்கிள் கழன்றது. பை நிறைய முடி. அதைக் கவிழ்க்கப் போன என் கையை மாமன் பிடித்துக்கொண்டார்.

"கொட்டிராதீங்கம்மிணி, சாமிக்கு நேந்த முடி அது. பையோட காணிக்கையாப் போட்டுட்டு வாரேன்."

திண்ணனூர் நாட்டு அக்கா

முதுகில் துண்டால் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, தலையில் மரவள்ளி மூட்டையோடு போன எங்கள் மலைக்கார அக்கா ஒருவர் நின்று, பையைத் தொட்டுப் பார்த்தார். வார், பக்கிள், வெயிலுக்குத் தொப்பி என்று பெருமையாக விளக்கினேன். மூட்டையை இறக்காமலே முழுவதும் கேட்டார்.

"எல்லாஞ் செரிங்க, புள்ள நடக்கக் கத்துக்கிட்டா இதுல எத்தன கிலோ கெழங்கு புடிக்கும்?"

காவல் அண்ணன்

போன மாதம் அந்தக் காவல் அண்ணனே லீவு போட்டு, வெள்ளை வேட்டி, புதுச் செருப்போடு வந்தார். கூடவே மகளும் அவளுடைய எட்டு மாதக் குழந்தையும். பையை மாட்டிவிட்டு, "கம்பியப் புடிச்சு எறங்குங்கண்ணா" என்றேன். "எனக்கேவா?" என்று சிரித்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. "ஐயோ, உழுந்துட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். முதலில் கடை போச்சே என்றுதான் நினைத்தேன். குழந்தையை அப்புறம்தான் நினைத்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

விழுந்தடித்து ஓடினேன். அண்ணன் புதுச் செருப்பு வழுக்கிப் படியில் மல்லாந்து கிடந்தார். முழங்கையில் ரத்தம், வேட்டி கிழிசல், ஒரு செருப்பைக் காணோம். இரண்டு கையாலும் பையை இறுக்கிக் கட்டிப்பிடித்திருந்தார். உள்ளே குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. குழந்தையைத் தலையிலிருந்து பாதம் வரை தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மகள் அவரைத் திட்டி முடித்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனாள். அண்ணன் அக்கம்பக்கம் பார்த்தார். இத்தனை நாள் இல்லாத மரியாதை அவர் பேச்சில் வந்தது.

"அம்மிணி, கொழந்த உழுந்தாத்தானுங்களே கடைய எடுக்கச் சொன்னேன், இப்ப உழுந்தது நான் மட்டுந்தானுங்க."

அன்றிலிருந்து பை கேட்டு வருகிற யாரிடமும் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்பதில்லை, செருப்பைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன்.