கொதிதண்ணீரில் போட்ட கிளிப்

மகளின் கழற்றி மாட்டும் பல் கிளிப் நாறுகிறதே என்று காலையில் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். எடுத்தபோது கோணிப் போயிருந்தது.

"இன்னாப்பா பண்ணி வெச்ச?" என்றாள். பாகூரிலிருந்து பல் ஆஸ்பத்திரி வரை பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை.

டாக்டர் அதை அவள் வாயில் வைத்து அழுத்திப் பார்த்தார். பொருந்தவில்லை.

"இது மாட்டலன்னா நேரான பல்லு திரும்ப கோணிடும்மா. இன்னிக்கே புதுசுக்கு அளவெடுக்கணும். சுடுதண்ணியில போட்டது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள், "நாந்தான் டாக்டர்" என்றாள்.

"பச்சத் தண்ணி, மெத்துன்னு ஒரு பிரஷ், அவ்ளோதானே! அதுகூடத் தெரியாதா?" என்று அவளுக்குத் திட்டு விழுந்தது. நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்று வெளியே வந்ததும் கேட்டேன். "உன்ன திட்டியிருந்தா அங்கயே அழுதிருப்பப்பா" என்கிறாள்.

பார்த்தால் அப்படியா தெரிகிறேன்? உண்மையைச் சொல்லுங்கள்.