நாங்கள் கனடாவில் இருந்த குளிர்காலம்

சென்ற குளிர்காலத்தில் நடந்தது இது. ஒஸ்லோவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஏரிக்கரைக் காம்பிங் திடல் ஒன்றில், நானும் மனைவியும் காரில் இழுத்துப்போகிற வண்டி வீடான எங்கள் கரவனில் குடியிருந்தோம். ஆனால் எங்களைத் தெரிந்த சனத்துக்கெல்லாம் நாங்கள் கனடாவில் இருந்தோம். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். சும்மா இருக்கத் தெரியாத பிறவி. ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் எங்களுக்கு மாடிக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. மகன் தான் இருந்த வீட்டை விற்றுவிட்டுப் புது வீட்டுக்குப் பதிந்திருந்தான். கட்டட வேலை இழுபட்டுக்கொண்டே போக, மனைவி பிள்ளைகளோடு எங்களிடம் வந்து சேர்ந்தான். சண்டை சச்சரவு எதுவுமில்லை. ஆனாலும் காலையில் குளியலறைக்கு வரிசை, மாலையில் கதிரைக்கு வரிசை. நானோ ஹோலுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து எல்லோருடைய காலையும் மிதித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கோடை விடுமுறைக்கென்று வாங்கிப்போட்ட கரவனின் நினைவு வந்தது. “வடகோடி ஹம்மர்பெஸ்டில மீன் ஃபக்டரியில நிண்ட எனக்கு இஞ்சத்தைக் குளிர் ஒரு குளிரே?” என்று வீரம் பேசினேன். மனைவி மறுப்பாள் என்று நினைத்தேன். மறுபேச்சில்லாமல் ஓம் என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

“ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. தாய் தேப்பனை வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டினம் எண்டுதான் சனம் கதைக்கும். மருமகளின்ர தலையிலதான் அது விடியும். கனடாவில தங்கச்சி வீட்டை போறம் எண்டு சொல்லுவம்.”

மருமகளுக்கு இதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. “மாமி, நான் உங்களைப் போகச் சொன்னனானே? ஏன் பொய் சொல்லுறியள்?” என்றாள். “உனக்காகத்தான் பிள்ளை” என்று மனைவி முடித்துவிட்டாள். அவள் முடித்தால் முடித்ததுதான், மேல்முறையீடு கிடையாது.

கரவனில் குளிர்காலம் என்பது படம் பார்க்கிற மாதிரி இல்லை. கரவனோடு ஒட்டிப் பலகையால் அடித்த ஒரு முன்னறை. அதற்குள் ஒரு மின்சார ஹீட்டர், ஒரு மேசை, சப்பாத்துகள். தண்ணீர்க் குழாய் ஒரு பக்கம் உறையும். நான் தலைமயிர் உலர்த்தும் மெஷினைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் குந்தியிருப்பேன். குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் பொதுக் கட்டடத்துக்கு நடக்க வேண்டும். ஹீட்டரும் கேத்திலும் மிக்ஸியும் ஒன்றாக ஓடினால் மின்சாரம் நின்றுவிடும். ஆகவே சம்பல் அரைக்கும்போது ஹீட்டரை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு அரைப்போம். முதல் பனி கொட்டிய மறுநாள் என் கைத்துடிப்பில் கரவனைச் சுற்றிக் கிடந்த பனி முழுவதையும் அள்ளித் தள்ளித் துப்பரவாக்கினேன். பக்கத்துக் கரவனில் நாயுடன் தனியாக இருந்த நோர்வேஜியப் பெண், எங்களைவிட மூத்தவள், வந்து நின்று பார்த்தாள். “திருப்பிப் போடு. அடியால் காற்று வராமல் தடுப்பது அதுதான்” என்றாள். அள்ளியதையெல்லாம் திரும்ப அள்ளி அணைத்தேன். மனைவி ஜன்னலுக்குள் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

குளிரைச் சமாளித்துவிட்டோம். கனடாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. ரொறன்ரோவிலும் பனி கொட்டுவது எங்களுக்குப் பெரிய உதவி. வீடியோவில் ஜன்னலைக் காட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மணி? அங்கே ஆறு மணி நேரம் பின்னால். ஒஸ்லோவிலிருந்து யாராவது மத்தியானம் எடுத்தால், அப்போதுதான் படுக்கையை விட்டு எழும்பிய மாதிரிக் கொட்டாவி விட வேண்டும். காலையில் எடுத்தால் கைபேசியைத் தொடவே கூடாது, அங்கே நடுச்சாமம். மனைவி ரொறன்ரோ நேரத்துக்கென்று சுவரில் இரண்டாவது மணிக்கூடு ஒன்றை மாட்டிவிட்டாள். கறிவேப்பிலை முடிந்தால் தமிழ்க் கடைக்குப் போக வழியில்லை. கோயிலுக்கும் போக வழியில்லை. ட்வெய்ட்டாச் சந்தைப் பக்கம் தலைகாட்ட முடியாது. கைபேசி அடிக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். நான் எழும்பி வெளியே போவேன், பனியைத் தள்ளுவேன், உள்ளே வருவேன், திரும்பவும் போவேன். வீட்டின் நெருக்கத்திலிருந்து நிம்மதி தேடி வந்த இடத்தில் ஒரு நாள்கூட நான் நிம்மதியாக இருக்கவில்லை.

தைப் பொங்கல் கழிந்த அடுத்த கிழமை. இரவெல்லாம் கொட்டிய பனி விடியும்போது ஓய்ந்திருந்தது. மனைவி ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றவள், கையைக் கழுவாமலே இருக்கையில் இருந்துவிட்டாள்.

“தோள்மூட்டு உளையுதப்பா. நெஞ்சுக்கை ஏதோ அடைக்கிற மாதிரிக் கிடக்கு. வாய்வுபோல.”

இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். குடித்ததை அப்படியே சத்தி எடுத்தாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. ஹீட்டருக்குப் பக்கத்திலேயே ஸ்வெட்டரோடு இருக்கும் இடத்தில் வியர்வையா? கைபேசியை எடுத்தேன். மா ஒட்டிய கையாலேயே என் கையைப் பிடித்தாள்.

“அம்புலன்சைக் கூப்பிடாதேங்கோ. அது கொண்டுபோற ஆஸ்பத்திரி முழுக்க எங்கட சனம்.”

அது உண்மை. அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் ஆட்கள் இல்லாத மாடி இல்லை. இரத்தம் எடுப்பவர், கட்டில் தள்ளுபவர், துப்பரவு, சமையல், தாதி, டொக்டர் என்று எல்லாப் பக்கமும் தெரிந்த முகங்கள். கனடாவிலிருக்கிற ஆட்களைக் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் பின்னேரத்துக்குள் கதை ஒஸ்லோவில் ரொம்சோஸ் குடியிருப்பு வரை போய்விடும். 'உமக்கென்ன பைத்தியமே' என்று நான் அவளைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, எங்கள் சனம் குறைவாக உள்ள ஆஸ்பத்திரி எது என்று யோசிக்கத் தொடங்கினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. மலைப்பாதையால் மற்றப் பக்கம் போனால் ஒரு சிறிய நகரம் இருக்கிறது, அங்கே தமிழர் அதிகமில்லை, இரண்டு மடங்கு தூரமென்றாலும் நானே ஓட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று கணக்குப் போட்டேன். எத்தனையோ வருடம் பஸ் ஓட்டியவன் அல்லவா!

“கொஞ்சம் பொறும். காரை எடுக்கிறன்” என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடுதான் இருந்தது. வெறிபிடித்தவன்போலப் பனியைத் தோண்டினேன். கதவு உறைந்து திறக்க மாட்டேன் என்றது. நாயுடன் வெளிக்கிட்ட பக்கத்துக் கரவன் பெண் என் பக்கம் வந்தாள்.

“இந்தப் பனிக்குள் எங்கே போகிறாய்?”

மனைவிக்குச் சுகமில்லை, நெஞ்சடைப்பு, வியர்வை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

“அம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வரும்?”

நான் கூப்பிடவில்லை என்றேன். மற்றப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு என்று ஏதோ உளறத் தொடங்கினேன். அவள் முழுவதும் கேட்கவில்லை. நாயின் கயிற்றை என் கையில் திணித்துவிட்டு, மறு கையால் அம்புலன்ஸ் எண்ணான 113ஐ அழுத்தியபடி எங்கள் முன்னறைக்குள் போய்விட்டாள். நான் நாயைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் நின்றேன். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

உள்ளே போனபோது அந்தப் பெண் என் மனைவியைச் சாய்த்து இருத்தி, தொலைபேசியில் சொல்லச் சொல்ல ஓர் அஸ்பிரின் குளிசையை மென்று விழுங்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசலால் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டாள். எங்களோடு இதுவரை ஒரு சொல்லும் கதைத்திராத கரவன்காரர்கள் பனி அள்ளும் சவளோடு வெளியே வந்தார்கள். பெரிய வீதியிலிருந்து எங்கள் வாசல் வரை பாதை வெட்டிவிட்டார்கள். அம்புலன்ஸ் அந்தப் பாதையால்தான் வந்தது.

“எப்போது தொடங்கியது?” என்று அம்புலன்சில் வந்த பெண் கேட்டாள்.

“காலையில்.”

“ஏன் உடனே கூப்பிடவில்லை?”

நான் மனைவியின் சப்பாத்துகளைத் தேடி எடுத்துப் பையில் வைத்தேன்.

இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயொன்று அடைபட்டிருந்ததாம். அன்றைக்கே திறந்துவிட்டார்கள். வேலையை முடித்துக்கொண்டு வந்த டொக்டர் என் தோளைத் தட்டி, “நல்ல நேரத்தில் கூப்பிட்டீர்கள்” என்றார். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன் பாருங்கள், அந்த மாதிரி வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை. நானே ஓட்டிக்கொண்டு போயிருந்தால், இவர்கள் குழாயைத் திறந்துகொண்டிருந்த நேரம் மலைப்பாதையில் பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டேன். பக்கத்து இருக்கையில் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று நினைக்கத் தொடங்கி, நினைக்க முடியாமல் ஆஸ்பத்திரி நடையில் மேலும் கீழும் நடந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம். மனைவி தலையணையில் சாய்ந்து கொஞ்சம் தெளிவாக இருந்தாள். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் வந்த பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ட்வெய்ட்டாவில் எங்கள் அடுத்த கட்டடத்தில் இருப்பவள். கோயிலில் மனைவிக்குப் பக்கத்தில் இருந்து பூக் கட்டுபவள். மனைவி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். இழுத்தவள் சும்மா இருந்தாளா? நெஞ்சில் வயர்கள் ஓடிக்கொண்டிருக்க, வாய் தன்பாட்டில் தொடங்கிவிட்டது.

“நேற்றுத்தான் பிள்ளை கனடாவால வந்தனாங்கள். பிளேனுக்கையே ஒரு மாதிரிக் கிடந்தது...”

அந்தப் பெண் தட்டை மெதுவாக வைத்தாள். வைத்துவிட்டு மனைவியின் கையைப் பிடித்தாள்.

“அக்கா, வருத்தக்காறர் நீங்கள், கன கதைக்காதேங்கோ. நீங்கள் காம்பிங்கில இருக்கிறது எங்களுக்கு முதல் மாசமே தெரியும். அண்ணை காம்பிங் பக்கத்துக் கடையில காஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு வரேக்கை என்ர மனுசன் டக்ஸிக்குள்ள இருந்து கண்டவர்.”

இவளும் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, கனடா சுகமா என்று விசாரித்தவள்தான்.

“பிறகேன் ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை?” என்றேன்.

“நீங்கள் கனடா எண்டு சொன்னா கனடாதானே அண்ணை. உங்களுக்கு ஏதோ மனக்கஷ்டம், அதுதான் மறைக்கிறியள் எண்டு நினைச்சம். அதுக்குள்ள நாங்கள் போய்க் கிண்டுறது சரியில்லைதானே.”

மனைவிக்கு வேறு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“மருமகளைப் பற்றிச் சனம் என்ன கதைச்சது?”

அவள் ஒளிக்கவில்லை. “கதைச்சவைதான் அக்கா. இல்லையெண்டு சொல்ல மாட்டன். இரண்டு நாள் கதைச்சவை. பிறகு வேற ஒரு வீட்டுக் கலியாணக் கதை வந்திட்டுது, உங்களை விட்டிட்டினம்.” சூப்பை மனைவியின் பக்கம் நகர்த்திவிட்டு, “இதைக் குடியுங்கோ, ஆறப்போகுது. இஞ்சை நடக்கிறதை நான் வெளியில சொல்ல ஏலாது, சொல்லவும் மாட்டன்” என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மனைவி முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு நாள். மாதக்கணக்காகக் கொட்டாவி விட்டு நடித்ததும், கோயிலை மறந்ததும், கைபேசி அடித்தால் பதறியதும் எல்லாம் எப்போதோ முடிந்துபோன இரண்டு நாள் கதைக்காகத்தான்.

பின்னேரம் மகனும் மருமகளும் வந்தார்கள். மனைவி மருமகளைக் கட்டிலில் இருத்தி, தொலைபேசியை அவள் கையிலேயே கொடுத்து, “எல்லாருக்கும் எடுத்துச் சொல்லு பிள்ளை. மாமி ஆஸ்பத்திரியில. காம்பிங்கில இருந்து வந்தவ எண்டு சொல்லு” என்றாள். அடுத்த நாளிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஒருவர் இடியப்பப் பார்சலைத் தந்துவிட்டு, “கனடாவில இப்ப என்ன மணி அண்ணை?” என்று என்னைச் சீண்டினார். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது?

மகனின் வீட்டு வேலை இன்னும் முடியவில்லை. டொக்டர் சம்மதித்ததும் நாங்கள் திரும்பவும் கரவனுக்கே வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒஸ்லோ ஆட்கள் வந்து போகிறார்கள். பக்கத்துக் கரவன் பெண்ணும் தேநீருக்கு வந்து, உறைப்பு ரோல்ஸைக் கண்ணீரோடு தின்றுவிட்டுப் போகிறாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் மனைவி ஆழ்ந்து உறங்கும்போது, மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. சனம் இரண்டே நாளில் மறந்துபோன ஒரு கதைக்குப் பயந்து, என் வாழ்க்கை முழுவதும் கூட வந்தவளை நானே பனிப்பாதையில் பறிகொடுக்கப் பார்த்தேன் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை எழுப்பி உட்காரவைத்துக்கொண்டுதான் இருக்கிறது.