ஓட்டை போட மறந்த ஜப்பான் குழல்

ஊதுகிற ஓட்டையே இல்லாத புல்லாங்குழலை எப்படி ஊதுவது? ஏலப்பாறை பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அன்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

ஞானஜோதி எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுபவள். சர்ச்சில் பாட்டுக்குப் புல்லாங்குழல் ஊதுபவளும் அவள்தான். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் இருக்க, லயத்தில் எதையும் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவது வழக்கம். அப்படித் தொங்கிய மூங்கில் குழல் சூட்டில் நெடுக வெடித்துவிட்டது. சர்ச்சில் விளைச்சலைப் படைக்கும் அறுப்பின் பண்டிகையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கீபோர்டு வாசிக்கும் ஏசுதாஸ், "விடுங்கக்கா, இதுலயே புல்லாங்குழல் சத்தம் இருக்கு. ஒரு பட்டனை அமுக்குனா போதும்" என்றான். அந்தப் பட்டன் தன் இடத்தைப் பிடித்துவிடும் என்று ஞானஜோதிக்குப் புரிந்தது.

அன்றே போனில் தேடினாள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் குழல்; ஜப்பான்காரர் ஊதும் மூங்கில் குழல் போலவே கணு வைத்தது. வெடிக்காது, விலையும் கைக்கு எட்டியது. வரவழைத்துவிட்டாள்.

பிரித்தால் முன்னால் நாலு ஓட்டை, பின்னால் ஒன்று. வாய் வைக்கும் ஓட்டையைக் காணோம். மேல் நுனி திறந்து, ஓரத்தில் சீவினாற்போல் இருந்தது.

பக்கத்து வீட்டு சிஞ்சு எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, மருந்தடிக்கிற குழாயை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டீங்க?"

"போடி. ஜப்பான்காரன் ஓட்டை போட மறந்துட்டான். நாமளே போட்டுக்க வேண்டியதுதான்."

மூங்கிலுக்குச் செய்வதையே செய்தாள். மேல் நுனியை மெழுகுவர்த்தி உருக்கி அடைத்தாள். குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் பக்கவாட்டில் குத்தினாள். வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம். ஊதினால் 'கீச்' என்றது. அவள் அறிந்த எந்தச் சுரமும் அதில் இல்லை.

சிஞ்சு போனில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தாள். "ஐயோ அக்கா! காலி பாட்டில்ல ஊதுற மாதிரி மேல வச்சு ஊதணுமாம். நல்லா இருந்த குழலைக் குத்திக் கெடுத்துட்டீங்களே!"

ஞானஜோதி மெழுகைச் சுரண்டினாள். குத்திய ஓட்டையைத் தண்ணீர்க்குழாய் ஒழுகினால் பூசும் எம்-சீலால் அடைத்தாள். மறுபடி ஊதினாள். ஒரு நேரம் வெறும் காற்று, ஒரு நேரம் சத்தம். எதனால் வருகிறது, எதனால் போகிறது, விளங்கவேயில்லை.

பண்டிகையன்று பாட்டு தொடங்கியது. முதல் சரணம் முழுக்கக் காற்றுதான். ஏசுதாஸின் விரல் பட்டனுக்குப் போனது. அந்த நேரம் பார்த்துக் குழலிலிருந்து நீளமாய், அடித்தொண்டையில் ஒரு சத்தம் எழுந்தது. பாட்டிலேயே இல்லாத சுரம். சபை பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. ஏசுதாஸ் விரலை எடுத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும், "அடுத்த வாரமும் வந்துருங்கக்கா" என்றான். "ஆனா நீங்க ஊதுனது என்ன பாட்டுன்னு மட்டும் சொல்லிருங்க."

"எனக்கே தெரியலையேப்பா."

இன்றும் அவளுக்குத் தெரியவில்லை. நினைத்தபோது அந்தச் சத்தம் வர மாட்டேன் என்கிறது. இந்தக் குழலை ஊதத் தெரிந்தவர் எங்காவது இருப்பார். அவர் காதுக்கு எட்டும்வரை, இதை நாலு பேரிடம் சொல்லி வையுங்கள்.